ஒரு கிராமுக்கு ஒரு டன்: இல்லாத ஒரு கவச க்ரூஸரைக் கட்டி, பிறகு மாற்றியமைத்த அனுபவம்

1:100 அளவில் கப்பல் மாடல் செய்வதில் ஒரு வசதி உண்டு. நீளம் நூறில் ஒரு பங்கானால் கன அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகும். 10,400 டன் கப்பல் 10.4 கிலோ மாடலாகிவிடும். அதாவது ஒரு கிராமுக்கு ஒரு டன். சமையலறைத் தராசில் நாலு வாஷரை வைத்து நிறுத்தால் ஒரு பீரங்கியையே நிறுத்த மாதிரி. இந்தக் கணக்கு பிடிபட்ட நாளில்தான், தலஸாவைத் தாளோடு விடக்கூடாது, தண்ணீரில் இறக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

தலஸா என்று ஒரு போர்க்கப்பல் இருந்ததில்லை. 1905 வாக்கில் மத்தியதரைக் கடலோரத்துச் சிறிய நாடு ஒன்று இத்தாலியில் கட்டச் சொன்னதாக நானே கற்பனை செய்துகொண்ட கவச க்ரூஸர், அதாவது பக்கங்களில் உருக்குக் கவசம் போர்த்திய வேகமான பெரிய போர்க்கப்பல் அது. பெயருக்குக் கிரேக்க மொழியில் கடல் என்று பொருள். கற்பனைக்கு ஆதாரமாக இருந்தது ஒரு நிஜக் கப்பல். இத்தாலியின் லிவோர்னோவில் 1910-ல் நீரில் இறங்கிய கிரேக்கக் கப்பல் யெயோர்யியோஸ் அவெரோஃப். அந்த வகையில் உலகத்திலேயே இன்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஏதென்ஸ் அருகே பாலியோ ஃபாலிரோவில் மிதக்கும் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1941-ல் ஜெர்மானியர்கள் கிரேக்கத்தைப் பிடித்தபோது அலெக்சாந்திரியாவுக்குத் தப்பி, அங்கிருந்து பம்பாய் வந்து, இந்தியப் பெருங்கடலில் கான்வாய்களுக்கு, அதாவது கூட்டமாகப் போகும் கப்பல்களுக்கு, காவல் போனது. முப்பது வயதான கப்பல், வேறொரு காலத்துக்காகக் கட்டியது, அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தது. அந்த முப்பது வருட மாற்றத்தைத்தான் நான் என் கையால் செய்து பார்க்க விரும்பினேன். கப்பலை வடிவமைப்பது பாதி வேலை. இருபது வருடம் கழித்து அதே உடலுக்குள் புதிய காலத்தைத் திணிப்பதுதான் மீதிப் பாதி.

முதலில் அளவுகள். நீர்மட்டத்தில் நீளம் 136 மீட்டர், அகலம் 21, மூழ்கும் ஆழம் 7.4. இந்த மூன்றையும் பெருக்கினால் வருவது ஒரு பெட்டி. கப்பல் இரு முனையிலும் ஒடுங்குவதால் பெட்டியில் 0.48 பங்குதான் உண்மையான உடல் என்று வைத்துக்கொண்டேன். கடல்நீரின் அடர்த்தி 1.025. எல்லாம் சேர்ந்து 10,400 டன். இனி எது போட்டாலும் இதற்குள்தான் போட வேண்டும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது போலத்தான்.

பங்கு பிரித்தது இப்படி: உடல் 3,900, கவசம் 2,200, எந்திரம் 2,000, ஆயுதம் 1,100, நிலக்கரி 650, ஆட்களும் சாமான்களும் 450, கைக்காவலாக 100. இதில் என்னை அதிகம் இழுத்தடித்தது எந்திரம். எனக்கு 23 நாட் வேகம் வேண்டும் என்று ஆசை (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). அந்தக் கால வடிவமைப்பாளர்கள் கையாண்ட கணக்கு ஒன்று உண்டு: எடையின் மூன்றில் இரண்டு அடுக்கையும் வேகத்தின் மூன்றாம் அடுக்கையும் பெருக்கி, ஒரு மாறிலியால் வகுத்தால் தேவையான குதிரைத்திறன் கிடைக்கும். ஷார்ன்ஹோர்ஸ்ட், டிரேக் போன்ற கப்பல்களின் எண்களைப் போட்டுப் பார்த்தால் மாறிலி 225-லிருந்து 237 வரை வருகிறது. நான் 230 எடுத்துக்கொண்டேன். 22 நாட் வேகத்துக்கு 22,000 குதிரைத்திறன் போதும். 23 என்றால் 25,200. அந்த ஒரு நாட் வேகத்துக்காக மட்டும் பாய்லரும் எந்திரமும் ஏறத்தாழ 285 டன் கூடுகின்றன. பக்கவாட்டுக் கவசப் பட்டையை 150 மி.மீ.-லிருந்து 180 ஆக்கவே 200 டன்தான் ஆகும். ஒரு நாட் வேகமா, 30 மி.மீ. உருக்கா என்று யோசித்து, கடைசியில் இரண்டையுமே விட்டேன். 22 நாட், 150 மி.மீ. அந்தக் காலத்து மேசைகளில் இந்தச் சண்டை எத்தனை மாதம் நடந்திருக்கும் என்று ஒரு சாயங்காலத்தில் புரிந்துவிட்டது.

ஆயுதம்: முன்னும் பின்னும் இரட்டைக் கோபுரத்தில் 254 மி.மீ. பீரங்கிகள் நான்கு. பக்கங்களில் கேஸ்மேட் எனப்படும் கவச அறைகளில் 152 மி.மீ. பீரங்கிகள் பத்து. அந்தப் பத்தில் ஆறு, கீழ்த்தளத்தில், நீர்மட்டத்துக்கு 2.6 மீட்டர் மேலே.

இது தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். 1914 நவம்பர் 1 அன்று சிலி நாட்டுக் கரைக்கு அப்பால் கொரொனெலில் நடந்த சண்டையில், பிரிட்டனின் குட் ஹோப், மான்மத் இரண்டும் கொந்தளிக்கும் கடலில் தங்கள் கீழ்த்தளப் பீரங்கிகளைப் பயன்படுத்தவே முடியாமல் தவித்தன. கேஸ்மேட் வாய்க்குள் அலை புகுந்தது. எதிரே ஜெர்மனியின் ஷார்ன்ஹோர்ஸ்டும் க்னைசனாவும். இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களும் மூழ்கின. சுமார் 1,600 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. (அதே ஜெர்மன் அணியிலிருந்து பிரிந்து வந்த எம்டன்தான் செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்டது. அன்று காலை வட கடலில் அபூகிர், ஹோக், கிரெஸி என்ற மூன்று கவச க்ரூஸர்களை ஒரே நீர்மூழ்கி அடுத்தடுத்து மூழ்கடித்திருந்தது. நமக்கு அந்தத் தேதி எம்டனின் தேதி. இந்தக் கப்பல் வகைக்கு அது வேறு மாதிரியான தேதி.)

தெரிந்தும் அந்த ஆறு பீரங்கிகளைக் கீழேயே வைத்தேன். 1905-ல் உட்கார்ந்து வரைபவனுக்குக் கொரொனெல் தெரியாது. எனக்குத் தெரிந்ததை அவன் கையில் கொடுத்துவிட்டால், பிறகு மாற்றியமைக்க என்ன இருக்கும்?

சரி, கட்டுமானம். 21 குறுக்கு வெட்டுகளைக் கிராஃப் தாளில் வரைந்து, ஒவ்வொன்றின் பரப்பையும் கட்டம் எண்ணிக் கண்டுபிடித்து, சிம்ப்சன் விதிப்படி 1, 4, 2, 4 என்று பெருக்கிக் கூட்டியதில் கன அளவு சரியாக வந்தது. அந்த வெட்டுகளையே 4 மி.மீ. ப்ளைவுட்டில் அறுத்து வங்குகளாக நிறுத்தினேன். வங்கு என்பது தோணியின் விலா எலும்பு. அடியில் ஓடும் முதுகெலும்பு ஏரா. மேலே பால்சா என்ற லேசான மரத்தின் பட்டைகள் ஒட்டி, வெளியே ஃபைபர் துணியும் ரெசினும். உடல் மட்டும் 3.1 கிலோ வந்தது. மீதி 7.3 கிலோவையும் ஈயக்குண்டாகவும் வாஷராகவும் உள்ளே ஏற்ற வேண்டும், அதுவும் சரியான உயரத்தில். பாய்லர் அறை, வெடிமருந்து அறை, கோபுரம் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு நீள போல்ட்டை நிறுத்தி, அதில் வாஷர்களை நட்டு வைத்து முடுக்கினேன். எதை வேண்டுமானாலும் கழற்றலாம், ஏற்றலாம், இறக்கலாம். கப்பலின் உள்ளே பார்த்தால் இரும்புக்கடை டப்பா மாதிரி இருக்கும். எனக்கு அந்தக் காட்சி மேல்தளத்து அலங்காரங்களைவிடப் பிடித்திருக்கிறது.

மொட்டை மாடியில் செங்கல் அடுக்கித் தார்ப்பாய் விரித்து 1.8 மீட்டர் நீளத்தில் தொட்டி. 160 லிட்டர் தண்ணீருக்கு ஐந்தரை கிலோ கல் உப்பு. உப்பு போடாவிட்டால் கிராமும் டன்னும் பொருந்தாது; நல்ல தண்ணீரில் கப்பல் கூடுதலாக அமிழும். இறக்கியதும் குறித்த கோட்டுக்கு ஒரு மி.மீ. மேலே மிதந்தது. ரெசின் பூச்சின் தடிமன்தான் காரணம். ஒரு மி.மீ. என்பது சுமார் 190 கிராம். ஏராவை ஒட்டி அந்த அளவு ஈயம் சேர்த்ததும் கோட்டில் உட்கார்ந்தது. மொத்த எடையில் இந்த ஈயத்தைக் கணக்கில் காட்டாமல் உடல் தடிமனோடு கழித்துக்கொண்டேன்.

இனிதான் முக்கியமான சோதனை. கப்பல் சாய்ந்தால் அதை நிமிர்த்துவது எது? கப்பலின் எடை மையம் ஓர் இடத்தில் இருக்கிறது. அதற்கு மேலே மெட்டாசென்டர் என்று ஒரு புள்ளி. உடலின் அகலமும் வடிவமும் தீர்மானிப்பது. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கப்பல்காரர்கள் ஜிஎம் என்பார்கள். இடைவெளி குறைந்தால் கப்பல் சோம்பிச் சாயும், மறைந்தால் கவிழும். தலஸாவுக்கு நான் வைத்த கணக்கு ஒரு மீட்டர், அதாவது மாடலில் ஒரு செ.மீ. அளக்கும் முறை இன்றும் எல்லாக் கப்பல் கட்டும் தளத்திலும் உள்ளதுதான்: தெரிந்த எடை ஒன்றை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தி, எவ்வளவு சாய்கிறது என்று தொங்கும் நூலில் பார்ப்பது. 50 கிராமை 10 செ.மீ. நகர்த்தினால், 40 செ.மீ. நூலின் நுனி 19 மி.மீ. நகர வேண்டும்.

நூல் கட்ட ஒரு குச்சியைத் தளத்தில் நட்டு, தெருக்கோடியில் இருக்கும் மேஸ்திரியிடம் தூக்குக்குண்டு வாங்கி வந்து தொங்கவிட்டேன். 50 கிராமை நகர்த்தினேன். 19 மி.மீ. நகர வேண்டிய நூல் 11 செ.மீ. நகர்ந்தது. கப்பல் ஒரு பக்கமாகப் படுத்து, கீழ்த்தள கேஸ்மேட் ஓட்டைகள் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. கொரொனெலைப் பற்றிப் படித்தபோது வராத ஒரு நடுக்கம் அந்தச் சின்ன ஓட்டைகளைப் பார்த்தபோது வந்தது.

இரண்டு சாயங்காலம் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு போல்ட்டையும் அளந்தேன். தப்பு எதுவும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் மேஸ்திரி குண்டைத் திரும்ப வாங்க வந்தார். தொட்டி ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இந்தக் குண்டு எவ்வளவு இருக்கும்?"

"இருநூறு கிராம்ணே."

"கயிறு எங்க கட்டியிருக்கீங்களோ பாரம் அங்கதான இருக்கு. குண்டு கீழ தொங்குதுன்னா பாரமும் கீழயா இருக்கும்?"

அவ்வளவுதான். ஆடும் எடை, கட்டப்பட்ட இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். குண்டு தளத்தை உரசிக்கொண்டு தொங்கினாலும், கப்பலைப் பொறுத்தவரை 200 டன் ஏராவிலிருந்து 52 மீட்டர் உயரத்தில் இருந்தது. எடை மையம் எட்டு மி.மீ.-க்கு மேல் ஏறி, பத்து மி.மீ. ஜிஎம்மில் இரண்டுகூட மிஞ்சவில்லை. சாரமும் கப்பியும் கட்டிப் பழகியவருக்கு இது பார்த்ததும் தெரிந்தது. குண்டை எடுத்துவிட்டு ஐந்து கிராம் நட்டு ஒன்றைத் தொங்கவிட்டேன். நூல் 19-க்கும் 20-க்கும் நடுவே நின்றது.

அந்தக் குண்டு பிறகு எனக்கு மறக்கவே இல்லை. 1926-ல் செய்வதாக வைத்திருந்த மாற்றத்தில் நான் செய்யப்போவதும் அதுதானே? உயரத்தில் எடை ஏற்றுவது.

மாற்றத்துக்கு முன்னுதாரணங்கள் தேடியதில் எல்லாக் கடற்படையும் ஒரே வழியில்தான் போயிருக்கிறது. அவெரோஃப் 1925-27-ல் பிரான்சில் மாற்றப்பட்டபோது டார்பிடோ குழாய்கள் போயின, முக்காலிப் பாய்மரத்தூண் வந்தது, விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வந்தன. இத்தாலியின் சான் ஜியோர்ஜியோவில் 1937-38-ல் 14 பாய்லரில் 6 போய், மீதி 8 எண்ணெய்க்கு மாறின. வேகம் 23-லிருந்து 16, 17 நாட்டுக்கு இறங்கியது. வேகத்தை விட்டுக்கொடுத்து இடமும் எடையும் வாங்குவது. 1907-ல், கவச க்ரூஸர்களைவிட வேகமும் பெரிய பீரங்கிகளும் கொண்ட பிரிட்டனின் இன்வின்சிபிள் நீரில் இறங்கிய பிறகு எந்தக் கவச க்ரூஸரும் வேகத்தால் பிழைக்கப்போவதில்லை. ஆகவே அந்த விலை கொடுக்கத் தக்கதுதான் என்பது என் எண்ணம்.

தலஸாவில் கழற்றியவை: கீழ்த்தளத்துப் பீரங்கிகள் ஆறும் அவற்றின் குண்டுகளும், 180 டன். டார்பிடோ குழாய்கள் 40. இருபது பாய்லரில் எட்டு, 260. நான்கு புகைபோக்கியில் ஒன்று, 20. பழைய தூண் 25. ஏற்றியவை: முக்காலித் தூணும் உச்சியில் குறிபார்க்கும் கருவியும் 70, விமான எதிர்ப்புப் பீரங்கிகள் ஆறு 72, வெடிமருந்து அறைகளின் மேல் 25 மி.மீ. தளக்கவசம் 177, பெரிதாக்கிய மேல்மேடை 35. கணக்கைக் கூட்டினால் 171 டன் மிச்சம். நிலக்கரி அறைகளுக்குப் பதில் அடித்தளத்து எண்ணெய்த் தொட்டிகள், அதே 650 டன், ஆனால் மூன்று மீட்டர் கீழே. மனசுக்குள் கப்பல் இன்னும் உறுதியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வாஷர்களை மாற்றிப் போட்டு நூலைப் பார்த்தால் 21 மி.மீ. நூல் அதிகம் நகர்ந்தால் ஜிஎம் குறைந்திருக்கிறது என்று பொருள். இலகுவான கப்பல், ஆனால் முன்னைவிடத் தளர்வாக நிற்கிறது. காரணம் போல்ட்களைப் பார்த்ததுமே தெரிந்தது. நான் கழற்றியதில் பெரியது பாய்லர். அது ஏராவிலிருந்து நாலு மீட்டரில் இருந்தது. ஏற்றியதெல்லாம் ஒன்பது, பதினான்கு, இருபத்துநாலு மீட்டரில். கீழே கனமான ஒன்றை எடுப்பதும் மேலே ஒன்றை வைப்பதும் ஒரே திசையில்தான் இழுக்கும். பாய்லரை எடுத்தால் எடை மிச்சம் என்று மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார்.

அடுத்து எண்ணெய் தீர்ந்து துறைமுகம் திரும்பும் நிலை. அடியிலிருந்த 550 கிராம் வாஷரை எடுத்தேன். நூல் 28 மி.மீ. ஜிஎம் ஒரு மீட்டரிலிருந்து முக்கால் மீட்டருக்கும் கீழே வந்துவிட்டது. நிலக்கரிக் காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. கரி பக்க அறைகளில் உயரத்தில் இருந்ததால், எரிய எரிய எடை மையம் பெரிதாக மாறவில்லை. எண்ணெய் அடியில் இருப்பதால் அது இருக்கும்வரை பலம், தீர்ந்ததும் பலவீனம். இதோடு பாதி காலியான தொட்டியில் எண்ணெய் அலைவதும் சேரும். அதை வாஷரால் காட்ட முடியாது. 1934-ல் ஜப்பானின் தொமொசுரு என்ற சிறிய போர்க்கப்பல் புயலில் கவிழ்ந்தது இந்த வகைக் காரணத்தால்தான்: சின்ன உடலின் மேல் பாரம் ஏற்றிக்கொண்டே போனார்கள்.

மருந்து அகலம். மெட்டாசென்டரின் உயரம் அகலத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறும் என்பதால், நீர்மட்டத்தில் கொஞ்சம் அகலம் கூட்டினாலே நிறைய கிடைக்கும். முதலில் தாராளமாக இருபுறமும் 6 மி.மீ. பால்சா பட்டை ஒட்டினேன், நிஜத்தில் பக்கத்துக்கு 60 செ.மீ. புடைப்பு. டார்பிடோவுக்கும் அது கொஞ்சம் தடை. எண்ணெய் நிரம்பிய நிலையில் கப்பலை லேசாகச் சாய்த்துவிட்டு, 20 ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று மொபைலில் பார்த்தேன். 27 விநாடி. 1905 வடிவத்தில் அது 33. நிஜ அளவுக்கு நேரத்தைப் பத்தால் பெருக்க வேண்டும், ஆகவே 16.5 விநாடியில் மெல்ல ஆடிய கப்பல் இப்போது 13.5 விநாடியில் வெடுக்கென்று திரும்புகிறது. கவிழாது, ஆனால் அதன் மேல் நின்று பீரங்கி குறி பார்ப்பவனின் நிலை மோசம். உறுதி அதிகமானாலும் கெடுதல்தான்.

உப்புத்தாள் கட்டையை எடுத்து இரண்டு நாள் தேய்த்தேன். பட்டையை இருபுறமும் ஒரே சீராக 3 மி.மீ.-க்குக் கொண்டுவருவதுதான் கஷ்டம். ஒரு பக்கம் அரை மி.மீ. தடித்தாலும் கப்பல் மறுபக்கம் சாயும். பத்து செ.மீ.-க்கு ஒரு பென்சில் கோடு போட்டு, கோடு மறையும்வரை தேய்ப்பது, அளப்பது, மறுபடி கோடு போடுவது. பால்சாத் தூள் தொட்டித் தண்ணீரில் விழாமல் மாடியின் அந்தக் கோடியில் உட்கார்ந்து செய்தேன். கேஸ்மேட் ஓட்டைகள் ஆறையும் அதே பால்சாத் துண்டுகளால் அடைத்து ரெசின் பூசினேன். விரலால் தடவினால் இப்போது அங்கே ஒன்றும் இல்லாதது போல இருக்கிறது.

புடைப்பின் எடையாக 120 கிராம் சேர்த்து மறுபடி இறக்கினேன். எண்ணெய் நிரம்பிய நிலையில் நூல் 15 மி.மீ., 20 ஆட்டத்துக்கு 30 விநாடி. எண்ணெய் தீர்ந்த நிலையில் நூல் 20 மி.மீ. 1905-ல் கப்பல் எப்படி நின்றதோ ஏறக்குறைய அப்படியே, அதன் மிக மோசமான நிலையில். எட்டு பாய்லர் போன பிறகு எண்ணெயின் கூடுதல் சூட்டையும் சேர்த்து 15,000 குதிரைத்திறன் கிடைக்கும் என்று வைத்தால் வேகம் 19 நாட் சொச்சம்.

1937-க்கான இரண்டாவது மாற்றம் இன்னும் பாக்கி. அதில் பின் தூணை வெட்ட வேண்டும், விமான எதிர்ப்புப் பீரங்கிகளை இரட்டிப்பாக்க வேண்டும். அதற்கு 90 கிராம்தான் ஒதுக்கியிருக்கிறேன், ஒரு கிராம்கூடக் கூடாது. கடைசி அளவைக் குறித்துக்கொண்டு கப்பலை வெளியே எடுத்து, உப்பு போகக் குழாய்த் தண்ணீரில் அலசி, போல்ட்களுக்கு எண்ணெய் தடவி, மாடி நிழலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். தூக்குக்குண்டை மேஸ்திரி அன்றைக்கே எடுத்துப் போய்விட்டார்.